பெயின்ட்பால் ஆடும்போது கண்ணில் அடி: கையெழுத்துப் போட்ட பிறகு வழக்குப் போட முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் அலுவலக டீம் அவுட்டிங். பெங்களூருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் பெயின்ட்பால், அதாவது சாயம் நிரப்பிய சிறு பந்துகளைத் துப்பாக்கியால் ஒருவர் மேல் ஒருவர் சுட்டு ஆடும் ஆட்டம். நுழையும்போது ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஆட்டத்தின் நடுவில் மாஸ்க்கின் உள்பக்கம் புகைபோல மூடிக்கொண்டதால் துடைக்கத் தூக்கினீர்கள். அந்த நொடியில் உடன் வேலை பார்ப்பவர் சுட்ட பந்து வலது கண்ணில் பட்டது. உள்ளே ரத்தம் கட்டி, இப்போதும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. ரிசார்ட்காரர் “கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்கிறார், ஹெச்.ஆர். “விருப்பம் இருந்தவர்கள்தானே ஆடினார்கள்” என்கிறார். நஷ்ட ஈடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். தாளில் கையெழுத்தும் போட்டு, மாஸ்க்கையும் நானே தூக்கிய பிறகு, பேச எனக்கு வாய் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, உண்மையான சிக்கல் இருக்கும் இடம் இன்னொன்று.

பதினெட்டு வருடங்களாக நுகர்வோர் ஆணையங்களில் வழக்கு நடத்துகிறேன். நீச்சல் குளம், ராட்டினம், ரோப் ஏற்றம் என்று பொழுதுபோக்கு இடங்களில் அடிபட்டவர்கள் கணிசமாக வந்திருக்கிறார்கள். பெயின்ட்பால் வழக்கு இரண்டுதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் தீர்ப்பு வரைக்கும் போகாமல் சமரசத்தில் முடிந்தவை. உங்கள் தாளையும் மருத்துவ அறிக்கையையும் நான் பார்க்கவில்லை. அதனால் சட்டம் எப்படி இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் வழக்கு எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொல்ல முடியும்.

அந்தத் தாளை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது அங்கேதான். “எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல” என்று அச்சடித்துக் கையெழுத்து வாங்கினால் நிர்வாகத்தின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. பேரம் பேச வழியே இல்லாதவர் மீது திணிக்கப்படும் நியாயமற்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி பொதுக் கொள்கைக்கு விரோதமானது என்று 1986-லேயே பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வேலை ஒப்பந்தம் பற்றியது. உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2019-ல் வந்த தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கு. ஹோட்டல் ஊழியரே நிறுத்தித் தரும் வேலே பார்க்கிங்கில் கொடுத்த கார் காணாமல் போனது. டோக்கனில் “உரிமையாளரின் பொறுப்பில்” என்று அச்சடித்திருந்தது. அந்த வரியைக் காட்டி ஹோட்டல் தன் சொந்தக் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம். காருக்கே அப்படியென்றால் கண்ணுக்கு என்ன சொல்வார்கள் என்று வாதாட நன்றாகவே இடம் இருக்கிறது. ஆனால் அது பொருளை ஒப்படைப்பது பற்றிய வழக்கு, விளையாட்டுக் காயம் பற்றியது அல்ல என்று எதிர்தரப்பு வக்கீல் எழுந்து சொல்வார். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், புதிதாக வருபவர்கள் தவறவிடுவது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று தனியாக ஒரு வகை உண்டு. உற்சாகமாக அதைத் தலைப்பாகப் போட்டு மாவட்ட ஆணையத்தில் மனு போடுவார்கள். அந்த வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். எனவே உங்கள் மனு சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் நிற்க வேண்டும். தாளைப் பற்றிய வாதம் அதற்குள் ஒரு பகுதியாக வரட்டும்.

தாளுக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்லவில்லை. இது ஆபத்துள்ள ஆட்டம் என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அது நிரூபிக்கும். தொடையில் கன்றிப்போனது, ஓடும்போது கால் மடங்கியது, இதற்கெல்லாம் வழக்குப் போட்டால் அந்தத் தாளோடு கதை முடிந்துவிடும். ஆட்டத்துக்கே உரிய அடியை ஏற்றுக்கொண்டுதான் களத்தில் இறங்குகிறோம். ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவர் செய்ய வேண்டியதைச் செய்யாததால் வந்த அடியை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. வழக்கு முழுவதும் இந்த ஒரு கோட்டின் மேல்தான் நடக்கும்.

இனி மாஸ்க். உங்கள் உண்மையான சிக்கல் இதுதான். பெயின்ட்பால் பந்து கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய மூன்று கிராம் எடை. துப்பாக்கியை நொடிக்கு 280 முதல் 300 அடி வேகத்துக்கு மேல் போகாதபடி வைக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தில் உலகம் முழுக்கப் புழங்கும் வரம்பு. மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு அடியில் பாதியை வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் பந்து கண் குழியைவிடப் பெரியது. பெயின்ட்பால் குழிக்குள் நேராகவே நுழைந்துவிடும். உள்ளே ரத்தக்கசிவு, விழித்திரை விலகல், கண்புரை, கண் அழுத்த நோய் என்று வருவது இதனால்தான். 1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில், மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் போடும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு முதல் ஆட்டம் ஆடினார்கள். அன்றிலிருந்து இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த முதல் விதி, களத்துக்குள் மாஸ்க் கழலக்கூடாது. கண் போன சம்பவங்களில் பெரும்பாலானவை மாஸ்க் முகத்தில் இல்லாத நேரத்தில் நடந்தவை.

இந்த உண்மை உங்களுக்கு எதிராகவும் வெட்டும், ரிசார்ட்டுக்கு எதிராகவும் வெட்டும். “விதியை மீறியது அவர்தான்” என்பார்கள். சரி, அந்த விதி உங்களிடம் சொல்லப்பட்டதா? எப்படி, எந்த மொழியில், எத்தனை நிமிடம்? மாஸ்க்கின் உள்ளே புகைபோல ஈரம் படியும் என்பது நமது தட்பவெப்பத்தில் எந்த நடத்துநருக்கும் தெரிந்த விஷயம். வியர்வையோடு ஓடினால் பத்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும். அதைத் தாங்கும் இரட்டைக் கண்ணாடி மாஸ்க் உண்டு, தடவும் திரவம் உண்டு. அவை கொடுக்கப்பட்டனவா? அப்படி மூடிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், கையைத் தூக்கிக் கத்த வேண்டுமா, எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று சொன்னார்களா? களத்துக்குள் மார்ஷல் நின்றாரா? யாராவது மாஸ்க்கைத் தொட்டால் உடனே விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துவதுதான் அவர் வேலை. துப்பாக்கிகளின் வேகத்தை அன்றைக்கு யாராவது அளந்தார்களா? இவற்றில் நான்குக்கு “இல்லை” என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தால் வழக்கு உங்கள் பக்கம் நன்றாகச் சாய்கிறது. மாஸ்க்கின் வார் தளர்ந்திருந்தது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது கோவளத்து வழக்கு. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சமுத்ரா ஹோட்டல் குளத்தில் 2006-ல் ஒரு விருந்தினர் இறந்துபோனார். உயிர்காப்பாளர் என்று ஒருவர் இருந்தார், ஆனால் அவருக்கே பாரில் மது ஊற்றும் வேலையும் கொடுத்திருந்தார்கள். தேசிய ஆணையம் 62.5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரிசார்ட்களில் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது: துப்பாக்கியில் பந்து நிரப்புகிறவரே டிக்கெட் கிழிப்பார், அவரேதான் மார்ஷல், நடுவில் போன் வந்தால் பேசவும் போவார். உங்கள் ஆட்டத்தில் எத்தனை ஊழியர்கள் எங்கே நின்றார்கள் என்று உடன் ஆடியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

மாஸ்க்கைத் தூக்கியதால் உங்கள் கோரிக்கை செத்துப்போகாது, ஆனால் குறையலாம். இரு பக்கமும் தவறு இருந்தால் உங்கள் பங்கைக் கழித்துவிட்டு மீதியைத் தருவார்கள். அந்தப் பங்கு எத்தனை விழுக்காடு என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது, அமர்ந்திருப்பவர்களின் மதிப்பீடுதான். இதில் யாராவது உங்களிடம் ஓர் எண்ணை உறுதியாகச் சொன்னால் அவரிடம் போகாதீர்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மாஸ்க்கைத் தூக்கியதை மனுவில் மறைக்க வேண்டாம். மறைத்தால் குறுக்கு விசாரணையில் அது வெளியே வரும், அப்போது வார் தளர்ந்திருந்தது என்று நீங்கள் சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கே போடுவது என்பதில் உங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. விபத்து கர்நாடகத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. தாம்பரத்தில் வீடு என்றால் செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் தொகை அல்ல, சேவைக்குக் கொடுத்த பணம். தலைக்கு 1,200 ரூபாய் கட்டிய ஆட்டத்துக்கு நீங்கள் முப்பது லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் இல்லை. ஐந்து லட்சம் வரை கொடுத்த சேவைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கட்டியது கம்பெனி, நான் எப்படி நுகர்வோர் என்று கேட்பீர்கள். காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. “கம்பெனி வாங்கியது வணிக நோக்கம்” என்று ஓர் ஆட்சேபம் கட்டாயம் வரும். மருத்துவமனை அறக்கட்டளை ஒன்று தன் செவிலியர்கள் தங்க வீடுகள் வாங்கியது வணிக நோக்கம் ஆகாது, லாபம் ஈட்டும் வேலையோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை என்று லீலாவதி அறக்கட்டளை வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊழியர்களை ஒருநாள் விளையாட அழைத்துப்போனதையும் அதே தராசில்தான் நிறுக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் நேரடித் தீர்ப்பைக் காட்டி நான் பேசவில்லை, அந்தத் தீர்ப்பை நீட்டிப் பேசுகிறேன்.

கால வரம்பு இரண்டு வருடம். நிறைய நேரம் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் சாட்சியத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை. சி.சி.டி.வி. பதிவுகள் பல இடங்களில் பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ தானாக அழிந்து மேலெழுதப்படும். இரண்டு மாதம் ஆகிவிட்டது, போயிருக்கலாம். இருந்தாலும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் இந்த வாரமே அனுப்புங்கள். அன்றைய பதிவு, அன்று நீங்கள் அணிந்த மாஸ்க், வேகம் அளந்த குறிப்பு, பணியாளர் பட்டியல், நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகல் ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி கேளுங்கள். கடிதம் கிடைத்த பிறகும் அழித்தால் அதை வைத்தே ஆணையம் அவர்களுக்கு எதிராக முடிவெடுக்கலாம். அப்புறம், உங்கள் டீம் வாட்ஸ்அப் குழுவில் அன்று போட்ட வீடியோக்கள். சிரித்துக்கொண்டு எடுத்த அந்தக் காட்சிகளில்தான் மார்ஷல் எங்கே நின்றார், யார் மாஸ்க் இல்லாமல் சுற்றினார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். முன்பு நான் நடத்திய ஒரு வழக்கில் பிறந்தநாள் கேக் வெட்டும் வீடியோவின் பின்னணிதான் கட்சிக்காரரைக் காப்பாற்றியது.

மருத்துவத் தாள்களில் கவனமாக இருங்கள். முதலில் போன மருத்துவமனையில் காயம் எப்படி வந்தது என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் ஊரில் விபத்துப் பதிவேட்டு நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். “விழுந்ததில் அடி” என்று யாரோ உடன் வந்தவர் சொல்லி எழுதியிருந்தால் இப்போதே உங்கள் கண் மருத்துவரிடம் சரியான வரலாற்றைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

போலீஸ் பற்றி. சாத்தியம் உண்டு. பிறர் பாதுகாப்புக்கு ஆபத்தாகக் கவனக்குறைவாக நடந்து காயம் ஏற்படுத்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் வரும். சாதாரணக் காயத்துக்கு ஆறு மாதம் வரை, கொடுங்காயத்துக்கு மூன்று வருடம் வரை சிறை. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது கொடுங்காயம். உங்கள் பார்வை எங்கே நிற்கும் என்பது இன்னும் தெரியாது. சுட்ட நண்பரைப் பொறுத்தவரை, பதினெட்டு வயது கடந்தவர்கள் சம்மதித்து ஆடும் விளையாட்டில் வரும் காயத்துக்கு அதே சட்டத்தின் 25-வது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டமே அங்கே வாள் பயிற்சி ஆடும் இருவரை உதாரணம் காட்டுகிறது. விசில் அடித்த பிறகோ, மாஸ்க் இல்லை என்று பார்த்தும் வேண்டுமென்றோ சுட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சிவில் பக்கத்திலும் இதே தர்க்கம்தான். 1985-ல் இங்கிலாந்தில் ஒரு சாதாரண உள்ளூர்க் கால்பந்து ஆட்டத்தில் முரட்டுத்தனமாகக் காலை வாரி எலும்பை முறித்தவர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று காண்டன் வழக்கில் தீர்ப்பு வந்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் வேண்டுமென்று செய்யவில்லை. அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். உங்களுக்கு அவர் சாட்சியாக வேண்டும். நான் பொதுவாகச் சொல்வது, சம்பவம் நடந்த எல்லைக் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள், குற்ற வழக்கையே பிரதானமாக ஓட்டாதீர்கள். அதில் தண்டனை கிடைத்தாலும் உங்கள் மருத்துவச் செலவு உங்கள் கைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹெச்.ஆர். சொன்ன “விருப்பம் இருந்தவர்கள்தான்” பாதி உண்மை. வேலை நாளில் நடந்ததா, வராதவர்களுக்கு விடுப்பு கழிந்ததா, அழைப்பு மின்னஞ்சலில் “அனைவரும் கட்டாயம்” என்று இருந்ததா, இதெல்லாம் பார்க்க வேண்டும். வேலையின் போக்கில் நடந்த விபத்து என்று நிறுவினாலும், பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் மென்பொருள் ஊழியர் எல்லோரையும் தன் இழப்பீட்டு வரையறைக்குள் எடுத்துக்கொள்ளாது. இந்தப் பாதையை நான் பலவீனமானதாகவே கருதுகிறேன். கம்பெனியோடு சண்டை போடுவதைவிட அதன் குழு மருத்துவக் காப்பீட்டை முழுதாகப் பயன்படுத்துங்கள். “சாகச விளையாட்டு, கிடையாது” என்று காப்பீட்டு நிறுவனம் சொன்னால் பின்வாங்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய மருத்துவக் காப்பீட்டு விலக்கு, தொழில்முறை ஆட்டக்காரராக ஆபத்தான விளையாட்டில் கலந்துகொள்பவர்களுக்குத்தான். ஒருநாள் பொழுதுபோக்காக ஆடியவர் அதில் வரமாட்டார். தனியாக விபத்துக் காப்பீடு இருந்தால் அதன் விலக்குகள் வேறு மாதிரி இருக்கலாம், பாலிசியை வரி வரியாகப் படியுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? செலவுச் சீட்டுகள், இழந்த சம்பளம், இனி ஆகும் சிகிச்சை, வலி, பார்வைக் குறைவால் வருமானத்துக்கு வரும் பாதிப்பு. கடைசியதற்கு மோட்டார் வாகன வழக்குகளில் வளர்ந்த கணக்கு முறையை ஆணையங்களும் கடன் வாங்கிப் பயன்படுத்துவதுண்டு. அங்கே இயலாமை விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு என்பதை 2011-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. திரையைப் பார்த்தே நாள் முழுக்க வேலை செய்பவருக்கும், மற்ற வேலை செய்பவருக்கும் ஒரே கண் காயம் ஒரே இழப்பு அல்ல. அதை உங்கள் வேலை விவரத்தோடு எடுத்துக்காட்ட வேண்டும். அரசு மருத்துவக் குழுவின் இயலாமைச் சான்றிதழ் வாங்காமல் இந்தப் பகுதி நிற்காது. சட்டப்படி மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. என் அனுபவத்தில் இரண்டு மூன்று வருடம் வாய்தா வாங்க மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

நோட்டீஸ் போனதும் ரிசார்ட் பேச்சுக்கு வரும், பெரும்பாலும் மருத்துவமனைப் பில்லை மட்டும் கொடுத்து “முழுத் தீர்வு” என்று ஒரு தாளை நீட்டும். இந்த இரண்டாவது கையெழுத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதல் தாளை உடைக்கலாம், பணம் வாங்கிக்கொண்டு போட்ட இரண்டாவதை உடைப்பது மிகவும் கடினம். கண்ணுக்குள் ரத்தம் கட்டும் அளவுக்கு அடிபட்டவர்களில் சிலருக்கு, கண்ணின் வடிகால் கோணம் சேதமாகி, அழுத்த நோய் பல வருடம் கழித்துக்கூட வரும். எனவே பேசுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் அந்தக் கோணத்தைப் பரிசோதித்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்த அறிக்கையும் கையெழுத்திட்ட தாளின் நகலும் கைக்கு வந்த பிறகு, உங்கள் மாவட்ட ஆணையத்தில் வழக்கமாக ஆஜராகும் ஒரு வக்கீலிடம் கொண்டுபோங்கள்.